விற்பதற்கென்று திருத்திய வள்ளம்

மார்ச் 11, செவ்வாய்

பாரிசவாதத்தில் விழுந்த இவரை இன்று வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்தோம். என்ன மருந்து, என்ன சாப்பாடு, பிறசர் எவ்வளவு என்று நாளாந்தம் குறித்து வைக்கும்படி ஆஸ்பத்திரியில் தாதி சொன்னாள். மகள் ஷெரின் அதற்கென்று இந்தக் கொப்பியை வாங்கித் தந்திருக்கிறாள்.

காலை மருந்து கொடுத்தாயிற்று. அரைக் கோப்பை கஞ்சி. வலது கை எழும்பவில்லை, வலது கால் இழுபடுகிறது. பேச்சில் ஒரு சொல் வந்து நிற்கிறது. வெகுநேரம் கழித்துத்தான் அடுத்த சொல். பெப்ரவரியில் வாசலில் பனி தள்ளிக்கொண்டு நின்ற மனிசன்.

ஷெரின் வெளிக்கிடும்போது கராஜை எட்டிப் பார்த்தாள். "அம்மா, இனி அப்பா ஏரிக்குப் போகப் போறதில்லை. உந்தத் தகர வள்ளத்தை வித்துத் தள்ளுங்கோ."

பத்து வருடமாக நான் சொல்லிவருவதைத்தான் அவளும் சொன்னாள். ஆனால் அவள் வாயால் கேட்டபோது ஏனோ எனக்குப் பிடிக்கவில்லை.

மார்ச் 15, சனி

ஷெரினுக்குத் தெரிந்த ஆள், ஞானசீலன் என்று பெயர், மார்க்கம் நகரத்திலிருந்து வந்து வள்ளத்தைப் பார்த்தார். இவர் அந்த நேரம் நித்திரை. அதைப் பார்த்துத்தான் வரச் சொன்னேன்.

பதினாலு அடி அலுமினிய வள்ளம். இவர் வாங்கும்போதே பழசு. இரண்டு கோடைக்கு முன்னர் பெரிய மிசின் நடு ஏரியில் நின்றுபோக, சின்ன மிசினால் ஊர்ந்து கரைக்கு வந்தார். அதற்குப் பிறகு வள்ளம் தண்ணீரைக் காணவில்லை. பின்பக்கத்தில் மிசின் பூட்டுகிற பலகையை ஞானசீலன் விரலால் குத்தினார். விரல் உள்ளே போயிற்று.

"அக்கா, உடம்பு நல்ல உடம்பு. ஆனா இப்பிடியே எண்டால் பழைய இரும்புக்காரனுக்குத்தான். மிசின் ரெண்டும் ஓடி, ஒழுக்கும் நிண்டால் நான் எடுக்கிறன். சொல்லுங்கோ."

சரி என்றேன். வேறு யாரையும் பிடித்துத் திருத்துவிக்கத் தேவையில்லை. கார்க்கதவு பொருத்தும் தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருடம் தகடுகளை இணைக்கிற றிவெட் ஆணி அடித்த கை என்னுடையது. இவருக்கு ஏரி தெரியும். எனக்குத் தகரம் தெரியும்.

மார்ச் 20, வியாழன்

பிறசர் பரவாயில்லை. மத்தியானம் சோறு குழைத்துக் கொடுத்தேன், அரைவாசி சாப்பிட்டார்.

இன்று வள்ளத்தில் கை வைத்தேன். உட்தட்டுப் பலகையைக் கழற்றினால் கீழே மிதப்புக்கு வைத்த பஞ்சு முழுக்கத் தண்ணீர் ஊறிப் பாறாங்கல் மாதிரி கிடந்தது. வெட்டி வெட்டி எடுத்தேன். திருகாணி ஒன்று இறுகிப்போயிருந்ததால் சுத்தியலால் நாலு போட்டேன்.

உள்ளே இருந்து இவரின் குரல் கேட்டது. ஓடினேன்.

"என்ன... செய்யிறாய்?"

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அவர் வாயிலிருந்து வந்த முதல் முழு வசனம். என்ன சொல்வதென்று யோசிக்க நேரமில்லை.

"வள்ளத்தைத் திருத்துறன்."

"ஏன்?"

"கோடைக்கு நீங்கள் போறதுக்கு."

அதை நான் சொல்லவில்லை, அது தானாக வந்தது என்று எழுதத்தான் ஆசை. இவரின் முகத்தில் அசைகிற பாதி மலர்ந்தது. அசையாத பாதியின் கண்ணால் தண்ணீர் வழிந்தது. துடைத்துவிட்டேன். திரும்பப் போய் மிச்சப் பஞ்சையும் வெட்டினேன்.

மார்ச் 21, வெள்ளி

குசினியிலிருந்து கராஜ் வாசல்வரை, பிடித்து நடக்கிற சட்டத்தோடு, தானாக நடந்து வந்தார்.

மார்ச் 30, ஞாயிறு

ஒழுக்குப் பார்த்தோம். வள்ளத்துக்குள் தண்ணீர் நிறைத்தால் ஒழுகுகிற ஆணியெல்லாம் வெளிப்பக்கம் கண்ணீர் விடும். அந்த இடங்களில் சோக்கட்டியால் வட்டம் போட்டேன். இவர் கதிரையில் இருந்து, நான் காணாததை இடது கையால் காட்டினார். "அங்கை... கீழை."

ஆணியை இறுக்க இரண்டு பேர் வேண்டும். வெளியே ஒருவர் ஆணித் தலையில் கனத்த இரும்பை அழுத்திப் பிடிக்க, உள்ளே மற்றவர் வாலில் அடிக்கவேண்டும். தொழிற்சாலையில் எனக்கு எதிரே ஒரு போலந்துக்காரி நிற்பாள். இங்கே யார்? நான் யோசிக்க, இவர் இரும்புக்குக் கையை நீட்டினார்.

நான் வள்ளத்துக்குள் இறங்கிக் குந்தினேன். அவர் முகம் எனக்குத் தெரியாது, என் முகம் அவருக்குத் தெரியாது. தயார் என்று அவர் இரும்பால் ஒரு தட்டு. நான் அடி. அவர் தட்டு. நான் அடி. ஒரு பக்கம் முடிவதற்குள் அவர் தட்டுத் தளர்ந்துவிட்டது, விடமாட்டன் என்கிறார். முப்பத்தாறு வருடக் கலியாணத்தில் இருவரும் ஒரு வேலையை இப்படிச் செய்தது எனக்கு ஞாபகமில்லை. எதற்காக அடிக்கிறேன் என்பது எனக்கு மட்டும் தெரிந்திருந்தது. அவர் முகம் தெரியாதது நல்லதாய்ப் போயிற்று.

ஏப்ரல் 2, புதன்

உடற்பயிற்சி சொல்லிக் கொடுக்க வருகிற பெண் இவரைப் பார்த்து வாயைப் பிளந்தாள். என்ன மாயம் செய்தாய் என்று என்னைக் கேட்டாள். வள்ளத்தைப் பற்றிச் சொன்னேன். அப்படியானால் அதையே குறிக்கோளாக எழுதுவோம் என்று தன் தாளில் எழுதினாள்: மே மாதம், மீன்பிடி தொடங்கும் நாள், தானே வள்ளத்தில் ஏறுவது. இவருக்கும் வாசித்துக் காட்டினாள்.

பின்னேரம் ஞானசீலன் போன் எடுத்தார். பின்முற்றத்துக்குப் போய் நின்று கதைத்தேன். "அடுத்த கிழமை பாப்பம் தம்பி," என்றேன்.

ஏப்ரல் 5, சனி

பின்பலகை மாற்றினேன். பழசை அச்சாக வைத்துப் புதுசை வெட்டி, ஓரமெல்லாம் பிசின் மூன்று பூச்சுப் பூசினேன். நன்றாய்த்தான் வந்திருக்கிறது. விற்கிற சாமானுக்கு இவ்வளவு மினுக்கம் தேவையில்லை. ஆனால் அரைகுறையாய் ஒன்றைச் செய்து எனக்குப் பழக்கமில்லை.

ஏப்ரல் 9, புதன்

பிறசர் நல்லம். கோழிக் குழம்போடு இரண்டு இடியப்பம்.

பெரிய மிசினைக் கழற்றினோம். பிளக் துவாரத்தால் ஒயில் விட்டு ஊறவைத்திருந்ததில் இறுக்கம் இளகி, கையால் சுற்றச் சுற்றிற்று. கார்பரேட்டருக்குள் பழைய பெற்றோல் காய்ந்து தேன்பாகு மாதிரி. ஊசித்துவாரங்களை மெல்லிய கம்பியால் குத்தித் துப்புரவாக்கினேன். கீழ்ப்பெட்டியில் ஒயிலைத் திறந்தால் பால்தேத்தண்ணி நிறத்தில் வந்தது.

"தண்ணி... உள்ளை போட்டுது," என்றார். "சீல்... மாத்து."

தண்ணீர் இழுக்கிற றப்பர் சக்கரமும் இதழ் உடைந்து கிடந்தது. நடு ஏரியில் நின்றதற்கு அதுதான் காரணம். சூடேறி இறுகியிருக்கிறது.

துடைத்துக்கொண்டிருக்கும்போது கேட்டேன். ஏன் கேட்டேனோ தெரியாது. "ஒவ்வொரு சனியும் விடியப் போவியள். என்னை ஒருநாளும் கூப்பிடேல்லையே?"

உடைந்த றப்பர் சக்கரத்தை இடது கையில் எடுத்து உருட்டினார். சொல் தேடுகிறாரோ, சொல்லாமல் விடப்போகிறாரோ என்று தெரியவில்லை.

"மணக்குது... எண்டுவாய்."

உண்மைதான். மீன் மணக்கிறது, கராஜில் உடுப்பைக் கழற்றிவிட்டு வாங்கோ என்று நான்தான் சொல்வேன். கராஜ் கதவைத் தெருவுக்குத் திறந்து வைக்கவும் விட்டதில்லை. தமிழ் ஆட்கள் போய்வருகிற தெரு. யாழ்ப்பாணத்துப் பாசையூரில் அவர் குடும்பமும் என் குடும்பமும் ஒரே கரையில் வலை உலர்த்தியவர்கள். அதை இங்கே யாரிடமும் நாங்கள் சொல்வதில்லை. நாங்கள் என்று எழுதிவிட்டேன். நான்தான்.

ஏப்ரல் 16, புதன்

பெரிய கிழமை. தமிழ்ப் பூசைக்குப் போனேன், சுவாமியிடம் பாவம் சொல்கிற பாவசங்கீர்த்தன வரிசையில் நின்றேன். இவரில் எரிச்சல்பட்டதைச் சொன்னேன். தவக்கால வெள்ளி ஒன்றில் மறந்து இறைச்சி சாப்பிட்டதைச் சொன்னேன். வள்ளத்தைப் பற்றி வாய் வரவில்லை. பொய் சொன்னேன் என்றால் சுவாமி பொய்யை நிறுத்து என்பார். நிறுத்தினால் இவர் நடப்பதும் நின்றுவிடும். அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பரிகாரமாக மூன்று அருள்நிறைந்த மரியே செபம் சொல்லச் சொன்னார். நான் சொன்ன பாவங்களுக்கு அது போதும்.

ஞானசீலனுக்குத் திரும்பவும் அடுத்த கிழமை என்றேன்.

ஏப்ரல் 20, உயிர்த்த ஞாயிறு

ஷெரினும் மருமகன் கோகுலனும் வந்தார்கள். கோகுலனின் தாய் இராசேஸ்வரி அக்காவும் தகப்பனும் பழக்கூடையோடு நோயாளி பார்க்க வந்தார்கள். நல்லூர்ப் பக்கத்து ஆட்கள், கடல்தொழில் குடும்பம் என்றால் யோசிக்கக்கூடியவர்கள். கலியாணம் பேசியபோது இவர் யாழ்ப்பாணத்தில் துறைமுகக் கந்தோரில் எழுத்து வேலை பார்த்ததாகச் சொல்லியிருந்தோம்.

அவர்கள் வருமுன் வள்ளத்தின் மேல் நீலப் படங்கை இழுத்து மூடினேன். மிசின்களுக்குப் போர்வை போட்டேன். இவர் சோபாவில் இருந்து திறந்த கதவினூடாக எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

இராசேஸ்வரி அக்கா குளியலறை என்று நினைத்துக் கராஜ் கதவைத் திறந்துவிட்டா. படங்கு முன்னுக்கு, அணியப் பக்கம் சறுக்கிக் கிடந்தது.

"எமல்டா, இதென்ன வள்ளமே? ஆரின்ரை?"

"முந்தி இந்த வீட்டிலை இருந்த வெள்ளைக்காரன் விட்டிட்டுப் போனது அக்கா. எடுத்தெறிய வேணும்."

சொல்லிவிட்டுத் திரும்பினேன். இவரின் இடது கை நகங்களுக்குள் கிறீஸ் கறுப்பு. காலையில் எவ்வளவு தேய்த்தும் போகவில்லை. அந்தக் கையை மெதுவாக மடியில் கிடந்த துவாய்க்குக் கீழே ஒளித்துக்கொண்டார்.

என் பொய்க்காக ஒளித்தார். நான் தேத்தண்ணி ஊற்றப் போனேன்.

ஏப்ரல் 22, செவ்வாய்

கராஜுக்கு வந்தார். கதைக்கவில்லை. சின்ன மிசினுக்குப் பிளக் மாற்றினோம்.

ஏப்ரல் 26, சனி

நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

வெயில் நாள். பெரிய குப்பைத் தொட்டியில் தண்ணீர் நிறைத்து, பெரிய மிசினைப் பலகைச் சட்டத்தில் பூட்டி, அடிப்பகுதியைத் தொட்டிக்குள் இறக்கி வாசலில் வைத்தேன். இவரைப் பக்கத்தில் கதிரையில் இருத்தினேன். கயிற்றை இழுத்தேன். ஒன்றுமில்லை. "சோக்... போடு." போட்டு இழுத்தேன். ஒரு இருமல். இன்னும் இழுத்தேன். தோள் கழன்றுவிடும் போலிருந்தது. திடீரென்று பிடித்துக்கொண்டது. நீலப்புகை கக்கி, தொட்டி தளும்ப, தெருவெல்லாம் அதிர ஓடிற்று. பக்கத்துத் துவாரத்தால் தண்ணீர் நூல் மாதிரிப் பீச்சியது. தண்ணீர் இழுக்கிறது என்பதற்கு அதுதான் அடையாளம்.

இவர் சிரித்தார். சத்தமாக, வாய் கோணி, பிள்ளை மாதிரி. சிரித்துக்கொண்டே பீச்சுகிற தண்ணீருக்குள் கையைக் காட்டினார். ஞாயிற்றுக்கிழமைப் பொய்யை மன்னித்துவிட்டார் என்று நினைத்தேன்.

அப்போதுதான் ஞானசீலனின் டிரக் வந்து நின்றது. பின்னால் வள்ளம் இழுக்கிற கொழுவி பூட்டியிருந்தது.

"அக்கா! தெருமுனைவரை சத்தம் கேக்குது! நீங்கள் அடுத்த கிழமை, அடுத்த கிழமை எண்டியள், பக்கத்திலை ஒரு வேலையாய் வந்தனான், ஒருக்கா எட்டிப் பாப்பமெண்டு. இண்டைக்கே கொழுவிக்கொண்டு போகட்டே?"

மிசினை நிறுத்தினேன்.

இவர் கேட்டார். "என்ன... கொண்டு?"

ஞானசீலனுக்கு ஒரு சூதும் தெரியாது. "வள்ளம்தான் அண்ணை. பங்குனியிலை வந்து பாத்தனான், நீங்கள் படுத்திருந்தனீங்கள். திருத்தித் தாறனெண்டு அக்கா சொன்னவா. திறமாய்ச் செய்திருக்கிறியள்."

இவர் என்னைப் பார்த்தார்.

"தம்பி, விக்கேல்லை," என்றேன்.

"என்னக்கா இது? முதலே சொல்லியிருக்கலாமே. நான் வேறை ரெண்டு வள்ளத்தை விட்டிட்டெல்லே நிக்கிறன்." அவர் கோபிப்பதும் நியாயம்தான். டிரக்கைப் பின்னுக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

இவர் சட்டத்தைப் பிடித்து எழும்பினார். உதவிக்குப் போனேன். கையைத் தட்டிவிட்டார். உள்ளே போய்ச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார்.

ஏப்ரல் 28, திங்கள்

மருந்து குடித்தார். சாப்பாடு மூன்று கரண்டி. பயிற்சிப் பெண் வந்தாள். கண்ணை மூடிக்கொண்டார்.

ஏப்ரல் 30, புதன்

அவரின் கட்டிலுக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டு உட்கார்ந்தேன். என்னைப் பேசுங்கோ, ஏசுங்கோ என்றேன். பேசமுடியாத மனிதனிடம் அப்படிச் சொன்னதே அநியாயம்.

அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு, இடையிடையே மூச்சு வாங்கிச் சொன்னார். முடிக்க வெகுநேரம் எடுத்தது.

"அவைக்கு... வெள்ளைக்காரன்ரை. ஞானசீலனுக்கு... உன்ரை. எனக்கு... என்ரை. வள்ளம்... ஒண்டு."

ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு பொய்யாக நான் பங்கிட்டதை எண்ணிக் காட்டிவிட்டார்.

"விக்கத்தான் தொடங்கினனான்," என்றேன். "நீங்கள் கேட்டவுடனை வாயிலை வந்ததைச் சொன்னன். பேந்து நீங்கள் நடந்தியள். அதுக்குப் பிறகு உண்மையைச் சொல்லப் பயம்."

"பேந்தும்... விக்கவோ?"

இல்லை என்று சொன்னால் நம்பமாட்டார். ஓம் என்றால் அதுவும் உண்மையில்லை. "தெரியாது," என்றேன். "ஞானசீலன் கேக்கக் கேக்கத் தள்ளிப்போட்டன். ஏனெண்டு நான் யோசிக்கேல்லை."

திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் பின்னேரம் கஞ்சியை முழுக்கக் குடித்தார்.

மே 3, சனி

இராசேஸ்வரி அக்கா சுகம் விசாரிக்கப் போன் எடுத்தா. நான் இவரின் அறையில் உடுப்பு மடித்துக்கொண்டு இருந்தேன். வெளியே போய்க் கதைத்திருக்கலாம். போகவில்லை.

"அக்கா, அண்டைக்குப் பாத்த வள்ளம் வெள்ளைக்காரன்ரை இல்லை. இவரின்ரை. இவர் பாசையூரிலை கடலுக்குப் போனவர். கந்தோரிலை வேலை செய்யேல்லை. என்ரை ஐயாவும் கடல்தொழில்தான்."

மடித்த துவாயைத் திரும்ப விரித்து மடித்தேன்.

"ஓ," என்றா. பிறகு, "அதுக்கென்ன எமல்டா." பிறகு, வீட்டில் யாரோ கூப்பிடுகிறார்கள் என்று வைத்துவிட்டா.

சிறிது நேரத்தில் ஷெரின் எடுத்தாள். "ஏனம்மா? இவ்வளவு காலத்துக்குப் பிறகு ஏன் இப்ப? நான் அங்கை முகம் குடுக்க வேண்டாமே?" அழுதாள். அவளுக்கு அந்தப் பொய்யைக் கட்டிக் கொடுத்ததும் நான், அவளைக் கேட்காமல் அவிழ்த்ததும் நான். ஒருவருக்கு உண்மையாய் இருக்கப்போய் இன்னொருவரைக் குத்திவிட்டேன்.

போனை வைத்தபோது இவர் கட்டிலின் விளிம்பில் எழும்பி இருந்தார்.

"சட்டம்... தா," என்றார்.

மே 9, வெள்ளி

வள்ளம் ஓட்டுவதற்கு அத்தாட்சிச் சோதனை இருக்கிறது. இவருக்கு இருக்கிறது, எனக்கு இல்லை. எழுதிச் சித்தியடைந்தேன். எந்த வள்ளம் எதற்கு வழிவிட வேண்டும் என்கிற கேள்விகளை இவர்தான் கேட்டுக் கேட்டுப் பாடமாக்கினார். பிழை விட்டால் கதிரைக் கையில் தட்டுவார். மன்னித்துவிட்டார் என்று நான் எழுதமாட்டேன். ஒருமுறை எழுதிப் பிழையாய்ப் போயிற்று.

மே 17, சனி

மீன்பிடி தொடங்கும் நாள். கோகுலன் தன்னுடைய பெரிய வாகனத்தைக் கொண்டுவந்தான். ஷெரினும் கூட வந்தாள், முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு. ஆனால் வந்தாள். இராசேஸ்வரி அக்காவைப் பற்றி ஒருவரும் கதைக்கவில்லை.

வள்ளம் தண்ணீரில் இறங்கிற்று. உள்ளே குனிந்து பார்த்தேன். ஒரு துளி இல்லை. மிசின் இரண்டும் பூட்டினோம். இவருக்கு மிதவைச்சட்டை போட்டோம். சட்டத்தைப் பிடித்துக்கொண்டு இறங்குதுறைப் பலகையில் தானாக நடந்து விளிம்புவரை வந்தார்.

இடது காலை ஊன்றி வலது காலைத் தூக்கவேண்டும். தூக்கினார். கால் விளிம்பைத் தாண்டவில்லை. வள்ளம் சற்று அசைந்தது. திரும்பத் தூக்கினார். வீட்டில் பெட்டியின் மேல் ஏறி ஏறிப் பழகினது இதற்குத்தான். பெட்டி அசையாது, வள்ளம் அசையும். அதை நாங்கள் யாரும் யோசிக்கவில்லை. நெற்றியெல்லாம் வியர்த்துவிட்டது.

"மாமா, நான் தூக்கி உள்ளை விடுறன்," என்றான் கோகுலன்.

"வேண்டாம். தூக்க... வேண்டாம்."

துறையில் கதிரை விரித்து உட்கார வைத்தோம். நான் வள்ளத்தை அவிழ்த்து வீட்டுக்குக் கொண்டுபோவோம் என்றேன். அவர் தலையை ஆட்டினார்.

"நீ... போ."

"நீங்கள் இல்லாமல் நான் எதுக்கு?"

"மிசின்... பாக்கோணும். போ."

சரி, அவர் பார்க்கட்டும் என்று ஏறினேன். கயிற்றை இழுத்தேன், முதல் இழுப்பிலேயே பிடித்தது. அவர் இடது கையால் காட்டினார்: மெதுவாக, இடப்பக்கம், கல் இருக்கிறது, இனி விடு. அந்தக் கையைப் பார்த்துப் பார்த்துப் போனேன். நாணல் முடிகிற இடத்தில் ஏரி திறந்தது. மிசின் கைப்பிடியை முறுக்கினேன். அணியம் எழும்பிற்று, காற்று முகத்தில் அடித்தது, கீழே தகரம் தண்ணீரில் தடதடவென்று பேசிக்கொண்டு போனது. நான் அடித்த ஆணிகள், நான் வெட்டிய பலகை, எல்லாம் என்னைத் தாங்கிக்கொண்டு போயின. வாயைத் திறந்து கத்தினேன். என்ன கத்தினேன் என்று தெரியாது. ஒரு தமிழ் ஆளும் இல்லை, ஒரு ஆளும் இல்லை.

திரும்பிப் பார்க்க மறந்துபோனேன்.

ஞாபகம் வந்து திருப்பியபோது துறை சின்னப் புள்ளியாய்த் தெரிந்தது. அந்தப் புள்ளியில் அவர் இருந்தார். நான் அவரை அங்கே விட்டுவிட்டு அவருடைய சனிக்கிழமையை எடுத்துக்கொண்டு ஓடியிருந்தேன்.

கரைக்கு வந்து கட்டினேன். முகத்தைச் சரிசெய்துகொண்டு இறங்கினேன்.

"எப்பிடி?" என்றார்.

"மிசின் நல்லா ஓடுது. ஆனா சரியான குளிர். காத்தும் கூட. பெரிசா ஒண்டுமில்லை."

என் முகத்தையே பார்த்துக்கொண்டு இருந்தார். பிறகு அந்தப் பாதிச் சிரிப்பு வந்தது.

"பொய்க்காரி," என்றார். ஒரே மூச்சில், தடக்காமல் வந்த சொல். "அடுத்த சனியும்... போ."

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவர் நித்திரை. பிறசர் எடுத்தேன், நல்லம். இரவு மருந்து கொடுத்தாயிற்று. அடுத்த சனி போவேன். அவரின் காலுக்குப் பழக்கம் கொடுக்கத்தான், மிசினைப் பழுதாகாமல் வைத்திருக்கத்தான், அவருக்காகத்தான் என்று எல்லோருக்கும் சொல்லலாம். இந்தக் கொப்பியில் மட்டும் அப்படி எழுத முடியவில்லை. எனக்காகப் போவேன்.